காய்ச்சல் இறங்கிய பிறகு: லூபஸ் உள்ள ஒரு பெண்ணுக்கு டெங்கு வந்தபோது

2023 நவம்பரில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நான் பார்த்துவந்த ஒரு நோயாளியைப் பற்றிய பதிவு இது. சென்னையில் ஒரு மருத்துவமனையின் ருமட்டாலஜி (மூட்டு, தன்னுடல் தாக்கு நோய்கள்) பிரிவில் வேலை பார்க்கிறேன். அவரிடமும் அவருடைய அம்மாவிடமும் சம்மதம் வாங்கி, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சம்மதம் கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "நீங்க விட்டதையும் எழுதணும் மேடம்." எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அப்போது அவருக்கு 27 வயது, 46 கிலோ எடை. வியாசர்பாடியில் அம்மா, தம்பியோடு இரண்டு அறை வாடகை வீடு. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலையில் வியாசர்பாடி ஜீவாவில் ரயில் பிடித்து சென்ட்ரல், அங்கிருந்து ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், மறுபடி ரயில், மாம்பலம். கடைக்குள் போனால் இரவு ஒன்பதரை வரை நின்றபடிதான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். இருக்கை வந்துவிட்டது, தீபாவளி சீசனில் உட்காரத்தான் நேரம் வரவில்லை என்பார்.

2019-இல் அவருக்கு லூபஸ் இருப்பது தெரிந்தது. கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடம்பின் செல் கருக்களுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளைச் செய்துகொள்ளும் தன்னுடல் தாக்கு நோய் அது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். இவருக்கு முதலில் மூட்டுவலியும் கன்னத்தில் தடிப்பும் வந்தன. 2021-இல் நோய் சிறுநீரகத்தைத் தொட்டது. திசுப் பரிசோதனையில் மூன்றாம் வகை லூபஸ் சிறுநீரக அழற்சி என்று வந்தது, சிகிச்சையில் அடங்கியது. 2023 அக்டோபரில் பார்த்தபோது சிறுநீரில் புரதம் இல்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 0.7. தினமும் லூபஸைக் கிளம்பாமல் வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி., எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபீனலேட் 1.5 கிராம், ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோன் 5 மி.கி. எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. லூபஸ் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் மகள் ஒரு வாரம் கடுமையான காய்ச்சலில் கிடந்தாள். "அந்தக் காய்ச்சல்தான் டாக்டரம்மா இவள இப்படி ஆக்கிடுச்சு." என்ன காய்ச்சல் என்று அன்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அம்மா சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாகவும் இருக்கலாம். அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்துவைத்த ரத்தத்தைக் கொண்டு நடந்து, 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தன்னெதிர் ஆன்டிபாடிகள் இருந்தது தெரிந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே. பனம்பழம் பல வருடமாகப் பழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் அது விழக் காக்கையின் கனமும் ஒரு காரணமா என்பதுதான் கேள்வி.

முதல் நான்கு நாள்

நவம்பர் 6, திங்கள்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கிறது. மதியத்துக்கு மேல் உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல், இரவில் 102 டிகிரி. மறுநாளும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மாலையில் வீட்டருகே ஒரு கிளினிக். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். கூடவே, "இதெல்லாம் உடம்புல எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற மாத்திரை, காய்ச்சல் விடுற வரைக்கும் நிறுத்தி வை" என்றும் சொல்லியனுப்பினார்கள்.

அந்தக் கிளினிக்கைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு மாலைக்கு நூறு பேரைப் பார்க்கிற இடம் அது. சொன்னதில் பாதி சரியும்கூட: மைக்கோபீனலேட்டை நிறுத்த வேண்டியதுதான். தப்பு மற்ற இரண்டில். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். ஆரோக்கியமான உடம்பு காய்ச்சலின்போது தானாக அதிகம் சுரக்கும் கார்ட்டிசோலை அது சுரக்காது. மாத்திரையையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் வறண்டுபோகும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொற்றுக்கு எதிரான சக்தியைக் குறைப்பதே இல்லை. அதை நிறுத்தினால் லூபஸ் கிளம்பும் வாய்ப்புதான் கூடும். இவர் மூன்றையும் நிறுத்திவிட்டார். டைக்ளோஃபெனாக் டெங்குவில் ரத்தக்கசிவுக்கு வழி செய்யும், சிறுநீரகத்துக்கும் ஆகாது.

வியாழன் காலை தம்பி ஆட்டோவில் அழைத்துவந்தார்.

சேர்த்த அன்று கண்டது

காய்ச்சல் 101. ரத்த அழுத்தம் 100/70. முகம் சிவந்திருந்தது, மூட்டுகளில் வலி இருந்தது, வீக்கம் இல்லை. வெள்ளணு 2,400, பிளேட்லெட் 68,000, ஹீமோகுளோபின் 10.8, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. 33. சிறுநீரில் புரதம் மிக லேசாக. உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 9.

இதை வைத்துக்கொண்டு முடிவு சொல்வது எவ்வளவு சிக்கல் என்பதை லூபஸ் பார்க்காத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சல், மூட்டுவலி, முகச் சிவப்பு, வெள்ளணு குறைவு, பிளேட்லெட் குறைவு ஆகிய ஐந்துமே லூபஸ் கிளம்பினாலும் வரும், டெங்கு வந்தாலும் வரும். சாதாரணமாக நாங்கள் நம்பும் ஒரு குறி சி.ஆர்.பி.: லூபஸ் மட்டும் கிளம்பும்போது அது பெரிதாக ஏறாது, பாக்டீரியாத் தொற்று என்றால் நன்றாக ஏறும். ஆனால் டெங்குவிலும் அது அவ்வளவாக ஏறுவதில்லை. ஆக 9 என்ற எண் பாக்டீரியா இல்லை என்று சொல்லியது, மற்ற இரண்டில் எது என்று சொல்லவில்லை. லூபஸ் கிளம்பினால் குறையும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், ஏறும் டி.என்.ஏ. ஆன்டிபாடி, இவற்றின் முடிவுகள் வர இரண்டு நாள் ஆகும்.

எங்கள் பிரிவில் பயிற்சியில் இருந்த மருத்துவர் லூபஸ் பக்கம் நின்றார். லூபஸ் மறுபடி கிளம்புவதை நாங்கள் ஃப்ளேர் என்போம். "ரெண்டு நாளா மருந்தே இல்ல மேடம், ஃப்ளேர்தான். ஸ்டீராய்டை ஏத்திடலாம்." தர்க்கம் பிழையில்லை. என்னைத் தடுத்தது ஆய்வகம் இல்லை, தம்பி. பேச்சுவாக்கில், போன வாரம் தனக்கும் காய்ச்சல் அடித்து நான்கே நாளில் விட்டது என்றார். வீட்டுத் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். லாரித் தண்ணீர், பின்பக்கம் இரண்டு நீல டிரம், ஏழெட்டு குடம். டிரம்முக்கு மூடி உண்டா? ஒன்றுக்கு உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இப்படி வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நவம்பர். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினோம்.

அன்று எடுத்த முடிவுகள்

முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. லூபஸ் என்று நினைத்து ஸ்டீராய்டை 40, 50 மி.கி.க்கு ஏற்றினால், உள்ளே இருப்பது தொற்றாக இருக்கும் பட்சத்தில் எதிர்ப்பை மேலும் முடக்குவோம். டெங்கு என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்திவைத்தால் அட்ரினல் கைவிடும். இரண்டில் எதுவாக இருந்தாலும் கேடு செய்யாத வழி எது என்று பார்த்தோம்.

பிரெட்னிசலோனை உடனே மறுபடி தொடங்கினோம், 10 மி.கி. ஆக. அது லூபஸுக்கான சிகிச்சை இல்லை, காய்ச்சல் நேரத்தில் உடம்பு கேட்கும் கூடுதல் கார்ட்டிசோலுக்கு ஈடு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் தொடரட்டும். மைக்கோபீனலேட் நிறுத்தம். வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறொன்றும் கூடாது என்று கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பில் எழுதினோம்.

வெள்ளி காலை என்.எஸ்.1 பாசிட்டிவ். பிளேட்லெட் 41,000. கூடவே பார்த்த ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியும் பாசிட்டிவ், அதாவது முன்பு எப்போதோ ஒருமுறை டெங்கு வந்து போயிருக்கிறது. எந்த வருடம் என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நான் சொன்னேனே" என்பது போல என்னைப் பார்த்தார். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு, இரண்டாவது முறை வேறு வகை தொற்றினால் நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். அன்று எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய இரவு

சனிக்கிழமை காலை காய்ச்சல் விட்டது. 98.4. அம்மா முகத்தில் நான்கு நாளுக்குப் பிறகு சிரிப்பு. "நாளைக்கு விடிஞ்சா தீபாவளி. தலைக்கு எண்ணெய் வெக்க வேணாம், வீட்டுல படுத்திருக்கட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் பயப்பட வேண்டிய நாள், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான், அடுத்த 24 முதல் 48 மணி நேரம் தாண்டட்டும் என்று விளக்கினேன். பாதி நம்பினார். இருந்தார்.

மாலை ஏழு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டார். ரத்த அழுத்தம் 86/68, நாடி 118, கை கால் சில்லிட்டிருந்தது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 18 மட்டுமே. 20 அல்லது அதற்குக் கீழே போனால் டெங்கு ஷாக்கின் அடையாளம். பி.சி.வி. 33-லிருந்து 40-க்கு ஏறியிருந்தது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து, மிச்சம் கெட்டியாகிவிட்டது. பிளேட்லெட் 24,000.

அதோடு, சோடியம் 129, சர்க்கரை 68. இந்த இரண்டும் டெங்கு ஷாக்கிலும் வரலாம், அட்ரினல் கைவிட்டாலும் வரலாம். இரண்டு நாள் ஸ்டீராய்டு இல்லாமல் கிடந்தவர். நாங்கள் கொடுத்த 10 மி.கி. போதாமல் போயிருக்கலாம். கார்ட்டிசோல் அளவு பார்த்து முடிவெடுக்க அவகாசம் இல்லை. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, எடைக்குக் கிலோவுக்கு 10 மி.லி. கணக்கில் ஒரு மணி நேரத்தில் சலைன் ஏற்றினோம், ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில் போட்டோம், பிறகு ஆறு மணிக்கொரு முறை 50. டெங்குவுக்கு ஸ்டீராய்டு மருந்தல்ல, அதனால் பலனும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே கொடுத்தது டெங்குவுக்கு இல்லை.

எது வேலை செய்தது? இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. நள்ளிரவில் அழுத்தம் 100/72. சலைனைப் படிப்படியாகக் குறைத்தோம். கசிவு நிற்கும் நேரத்தில் விடாமல் ஏற்றினால் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்துவிடும்.

விடிந்தது தீபாவளி. வெளியே ஆயிரம்வாலா வெடித்துக்கொண்டிருக்க, பிளேட்லெட் 19,000 என்று ரிப்போர்ட் வந்தது. தம்பி இரவோடு இரவாக வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு நண்பர்கள் ஆறு பேரை ரத்தம் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார். தீபாவளி காலையில் ஆறு பேர்! ரத்தக்கசிவு எங்கும் இல்லை, இந்த எண்ணுக்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில் பயன் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அன்றைய கடினமான வேலை. உறவினர் ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்திருந்தார். வாந்தி வரும், வேண்டாம் என்றேன். திங்களன்று 38,000, செவ்வாயன்று 72,000. அதற்குள் வந்துசேர்ந்த சி3 காம்ப்ளிமென்ட் 72, லேசான குறைவு. டெங்குவிலும் குறையும் என்பதால் அதற்கு மேல் யோசிக்காமல் விட்டோம்.

வீடு திரும்பல்

நவம்பர் 15, புதன்கிழமை டிஸ்சார்ஜ். பிரெட்னிசலோன் 7.5, ஹைட்ராக்சிகுளோரோகுயின் பழையபடி. ஒரு வாரத்தில் வீட்டருகே ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னோம். டிசம்பர் 5 அன்று ரிவ்யூ. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: மைக்கோபீனலேட் ரிவ்யூ வரை நிறுத்திவைக்கவும். அந்த வரியை நான்தான் எழுதச் சொன்னேன்.

22-ஆம் தேதி ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட் 1,90,000. நல்லது என்று கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். வெள்ளணு, பிளேட்லெட் எல்லாம் தேறியாயிற்று, காய்ச்சல் இல்லை, மைக்கோபீனலேட்டை அன்றே தொடங்கியிருக்கலாம். தோன்றவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையும் கேட்கவில்லை. டெங்குவுக்கான கணக்கை முடித்துவிட்ட திருப்தியில், அந்த ரிப்போர்ட்டை டெங்கு நோயாளியின் ரிப்போர்ட்டாகவே பார்த்திருக்கிறேன்.

புயலும் தவறிய ரிவ்யூவும்

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி, மாத்திரைக் கவர், சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் நனைந்தன. 5-ஆம் தேதி நகரம் முழுக்க விடுமுறை. மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பெரம்பூரில் சித்தி வீட்டு மாடியில் ஒரு வாரம் தங்கினார்கள். அந்த வாரம் எந்த மாத்திரையும் இல்லை. பிறகு பிரெட்னிசலோனையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் பழைய அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டார். மைக்கோபீனலேட்டை "டாக்டர் நிறுத்தச் சொன்னாங்க" என்றே நினைத்திருந்தார். அப்படித்தான் எழுதியும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது? புயல் வாரத்தில் வராத நோயாளிகள் அத்தனை பேர், யாரையும் பட்டியல் போட்டுக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 22

வெள்ளிக்கிழமை. முகம் உப்பி, கணுக்கால் வீங்கி வந்தார். "நாலஞ்சு நாளா சிறுநீர்ல நுரை வருது மேடம், தண்ணி சரியில்லையோன்னு நினைச்சேன்." ரத்த அழுத்தம் 150/96. சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது என்று காட்டும் புரத–கிரியாட்டினின் விகிதம் 3.4, கூடவே சிறுநீரக அழற்சியின் அடையாளமான சிவப்பணுக்களும் சிவப்பணு உருளைகளும். ரத்தத்தில் கிரியாட்டினின் 1.4, அக்டோபரில் இருந்ததைப் போல் இரு மடங்கு.

வெள்ளநீரில் நடந்தவர் என்பதால் எலிக்காய்ச்சல் என்ற சந்தேகத்தையும் விட்டுவிட முடியவில்லை. லெப்டோஸ்பைராவும் சிறுநீரகத்தைத் தாக்கும். ஆனால் காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை. பரிசோதனை நெகட்டிவ். காம்ப்ளிமென்ட் சி3 41, சி4 6, இரண்டும் நன்றாகக் குறைந்திருந்தன, டி.என்.ஏ. ஆன்டிபாடி பல மடங்கு. இம்முறை குழப்பத்துக்கு இடமே இல்லை. 26-ஆம் தேதி திசுப் பரிசோதனை: நான்காம் வகை லூபஸ் சிறுநீரக அழற்சி. முன்பு இருந்ததைவிடத் தீவிரமானது.

எது எதைத் தூண்டியது?

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் பிரிவில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். டெங்கு லூபஸைக் கிளப்பியதா, மருந்து நின்றதால் கிளம்பியதா?

தொற்று தன்னுடல் தாக்கு நோயைத் தூண்டும் வழிகளில் நன்றாகத் தெரிந்தது ஆள்மாறாட்டம். தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேலுள்ள புரதம் ஒன்று நம் இதயத் தசைப் புரதத்தைப் போல இருக்கும். கிருமிக்காகச் செய்த ஆன்டிபாடி இதயத்தையும் தாக்கும், ருமாட்டிக் காய்ச்சல் அப்படி வருவதுதான். 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு கை கால் செயலிழந்த கில்லன்–பார்ரே நோயும் இதே வகை. கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் மேலுறை நரம்பின் மேற்பரப்பை ஒத்திருப்பதால், வயிறு சரியாகி ஓரிரு வாரம் கழித்து நரம்பு அடிபடுகிறது. எப்ஸ்டீன்–பார் வைரஸ் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸுக்கு முன்னோடி என்பதற்கு 2022-இல் வலுவான சான்று வந்தது: ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளில், அந்த வைரஸ் தொற்றிய பிறகு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றுவது. எல்லோருக்கும் நோய் வருவதில்லை. விதையும் வேண்டும், நிலமும் வேண்டும்.

ஏற்கெனவே லூபஸ் உள்ளவருக்கு வைரஸ் வந்தால் நடப்பது இன்னும் நேரடியானது. வைரஸைக் கண்டதும் உடம்பு இன்டர்ஃபெரான் என்ற அபாய மணியை அடிக்கும். ஆரோக்கியமானவருக்கு வைரஸ் போனதும் மணி நின்றுவிடும். லூபஸில் அந்த மணி எப்போதுமே லேசாக ஒலித்துக்கொண்டிருக்கும். வைரஸ் வந்து அதை ஓங்கி அடித்துவிட்டுப் போனால், ஆன்டிபாடி செய்யும் செல்கள் கிளர்ந்தெழும். செத்த செல்களின் கருத் துணுக்குகள் ரத்தத்தில் கூடும், அவையே லூபஸ் ஆன்டிபாடிகளுக்கு இலக்கு. டெங்குவில் இன்னொன்றும் உண்டு. என்.எஸ்.1 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் ரத்தக் குழாய்ச் சுவரோடும் பிளேட்லெட்டோடும் ஒட்டக்கூடியவை என்று ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இவர் விஷயத்தில் ஆறு வாரத்துக்கு மேல் மைக்கோபீனலேட் இல்லை, இடையில் ஒரு வாரம் எந்த மருந்துமே இல்லை. சிறுநீரகத்தில் ஒருமுறை நோய் வந்தவருக்கு இதுவே போதும். என் கருத்து, டெங்கு கிளப்பியது, மருந்து இல்லாததால் அடக்க ஆளில்லாமல் போனது. நிரூபிக்கச் சொன்னால் முடியாது. என்னை உறுத்துவது வேறு. முதல் நாள் வார்டில் நாங்கள் "தொற்றா, ஃப்ளேரா?" என்று கேட்டோம். என்.எஸ்.1 பாசிட்டிவ் என்றதும் "தொற்று" என்று பதில் எழுதி, கேள்வியை மூடிவிட்டோம். தொற்று இப்போது, ஃப்ளேர் அப்புறம் என்று வரிசையாக வரக்கூடும் என்பது எல்லோருக்கும் படித்துத் தெரியும். அன்றைய கேஸ் ஷீட்டில் மட்டும் அது இல்லை. சி3 72 என்ற எண் முதலிலேயே கதவைத் தட்டியதா என்று இன்றும் யோசிக்கிறேன்.

சிகிச்சையும் விளைவும்

எதிர்ப்புச் சக்தியைப் பலமாக அடக்குவதற்கு முன் உள்ளே ஒளிந்திருக்கும் தொற்றுகளைப் பார்த்தாக வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, எல்லாம் சரி. மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு, ஸ்டீராய்டு அதிகமானால் உடம்பெங்கும் பரவி உயிரைக் குடிக்கும் என்பதால், வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தோம். 27 முதல் 29 வரை தினமும் மெத்தில்பிரெட்னிசலோன் 500 மி.கி.

அடுத்தது மைக்கோபீனலேட்டை முழு அளவுக்கு ஏற்றுவதா, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோபாஸ்பமைடை ஊசியாகப் போடுவதா? 2002-இல் ஐரோப்பாவில் வெளியான ஆய்வைத் தொடர்ந்து பழக்கத்துக்கு வந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சைக்ளோபாஸ்பமைடு 500 மி.கி., ஆறு தடவை. மொத்தம் 3 கிராம்தான் என்பதால் சினைப்பைக்கு ஆபத்து குறைவு. கல்யாணம், குழந்தை என்று அம்மா கேட்ட கேள்விகளுக்கு அந்த எண்ணைத்தான் பதிலாகச் சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஊசி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் எங்கள் கண் முன்னால் வந்து உட்கார்ந்தாக வேண்டும். எழுதிக் கொடுத்த ஒரு வரியை நம்பி மறுபடியும் விட எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி ஊசி 2024 மார்ச் 9. பிறகு மைக்கோபீனலேட். ஜூலையில் சிறுநீர்ப் புரத விகிதம் 0.6, கிரியாட்டினின் 0.9. டிசம்பரில் விகிதம் 0.3. கிரியாட்டினின் பழைய 0.7-க்கு முழுதாகத் திரும்பவில்லை. சிறுநீரகத்தில் கொஞ்சம் தழும்பு நின்றுவிட்டது, அது போகாது. முடி கொட்டியது, வளர்ந்தது. முகம் உருண்டது, இன்னும் முழுதாக வடியவில்லை. கடையில் பில்லிங் கவுண்டருக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அங்கே உட்காரலாம்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

"ரிவ்யூ வரை நிறுத்தவும்" என்ற சொற்றொடரை எங்கள் பிரிவில் தடை செய்துவிட்டோம். நிறுத்தும் ஒவ்வொரு மருந்துக்கும் மறுபடி தொடங்கும் தேதி எழுத வேண்டும், அன்று என்ன பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதும். சம்மரியின் கடைசிப் பக்கம் தமிழில். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு பக்கத்தைத் தெளிவாக எழுத எங்களுக்கே சம்மரியின் மற்ற நான்கு பக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

தொற்றுக்காகச் சேர்ந்த எந்த லூபஸ் நோயாளிக்கும் 2, 4, 8 வாரங்களில் சிறுநீர்ப் பரிசோதனை. ரத்தம் நன்றாக இருந்தாலும். வராதவர்களை மறுநாள் ஒரு நர்ஸ் போனில் கூப்பிடுகிறார். மழை வாரங்களில் இரண்டு முறை. சிறுநீரகத்தில் ஒருமுறை நோய் வந்தவர்களுக்கு வீட்டிலேயே பார்க்கும் ஸ்ட்ரிப் கொடுத்து, நிறத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். பர்ஸில் வைக்கும் அளவில் ஓர் அட்டையும் உண்டு: காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது, எதை இரட்டிப்பாக்க வேண்டும், எந்த ஊசியை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைக் கிளினிக்கில் காட்டினால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். பலர் போனில் படம் எடுத்துக்கொண்டார்களாம்.

செய்ய முடியாமல் நிற்பவையும் இருக்கின்றன. மூடியில்லாத டிரம் எங்கள் கையில் இல்லை. இரண்டாவது டிரம்முக்குத் தம்பி பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டிக் கயிறு கட்டியிருக்கிறார், ஞாயிறுதோறும் இரண்டையும் காலிசெய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுகிறார். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது என்று ஒருமுறை சொல்லியிருந்தேன்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயலுக்கு நகரம் மறுபடி நனைந்துகொண்டிருந்தது, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அன்று அவருக்கு எங்களிடம் அப்பாயின்ட்மென்ட் இல்லை. காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம்: ஜன்னல் திட்டில் ஒரு ஸ்ட்ரிப், பக்கத்தில் நிற அட்டை. புரதக் கட்டம் மஞ்சளாகவே இருந்தது. கீழே ஒரு வரி: "மாத்திரை மூணும் பிளாஸ்டிக் டப்பால போட்டு அலமாரி மேல வெச்சிருக்கேன் மேடம்."